இணையத்தில் கள்வரைத் தேடிய வரலாறு

கள்வன் சென்ற வழியைக் காலடிச் சுவடு கொண்டு அறியும் திறம் நம் நாட்டார்க்குப் புதிதன்று. மாடு களவுபோன ஊரில், மண்ணிற் பதிந்த குளம்படியை நோக்கியவாறே அடுத்த ஊர் எல்லைவரை நடந்து சென்று, "இதற்கு மேல் பாறை, இனி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை" என்று நின்றுவிடும் முதியவர்களைப் பற்றி நேயர்களுள் பலரும் கேள்விப்பட்டிருக்கக்கூடும். சுவடு பார்க்கும் திறத்தினும், பாறை வந்த இடத்தில் நின்றுவிடும் அந்த நேர்மையையே நான் பெரிதும் மதிப்பவன். கணிப்பொறிகளின் பெரும் பின்னலாகிய இணையத்திலும் கள்வர் உண்டு. அவர்கள் விட்டுச் செல்லும் சுவடும் உண்டு. அச்சுவடுகளைத் தொடர்ந்து சென்றவர்கள் பாறை வந்த இடத்தில் நின்றார்களா என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

இணையத்திற் குற்றம் பலவகைப்படும். அவற்றுள் இரண்டினை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். ஒன்று, பிறருடைய கணிப்பொறிக்குள் அவருடைய பெயரைச் சொல்லி, கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்துப் பார்த்து உள்ளே நுழைய முயல்வது. மற்றொன்று, கேளாத அஞ்சலை இலட்சக்கணக்கானவர்களுக்கு ஒரே நாளில் அனுப்பித் தொல்லை செய்வது. இதனைக் குப்பை அஞ்சல் என்கிறோம். இவ்விரண்டிலும் செய்தவன் முகம் தெரியாது. பெயர் தெரிந்தாலும் அது பொய்ப்பெயராகவே இருக்கும். எஞ்சி நிற்பது அவன் வந்த கணிப்பொறியின் எண் ஒன்றே. அதனை ஐ.பி. முகவரி என்பர்.

இம்முகவரியின் இயல்பைச் சிறிது தெளிந்துகொள்ள வேண்டும். இணையத்திற் செல்லும் செய்தி எதுவாயினும் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்தே செல்கிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும், எங்கிருந்து புறப்பட்டது, எங்கே சேரவேண்டும் என்னும் இரண்டு எண்கள் எழுதப்பட்டிருக்கும். 1983ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அமெரிக்காவின் அர்பாநெட் என்னும் பின்னலில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. சுழியம் முதல் 255 வரை உள்ள நான்கு எண்களைப் புள்ளியிட்டு அடுத்தடுத்து எழுதினால் ஒரு முகவரி ஆகும். இம்முறையில் 429 கோடிக்குச் சற்று மிகுதியான முகவரிகளே அமைய முடியும். அன்று அத்தொகை கடல்போல் தோன்றியிருக்க வேண்டும். பின்னர் அது போதாமற் போனதும் இவ்வரலாற்றில் ஒரு பகுதியே.

அஞ்சல் உறையில் அனுப்புநர் முகவரியை யாரும் பொய்யாக எழுதலாமே, இங்கும் அவ்வாறு செய்யலாகாதா என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் ஒரு தடை உண்டு. கடவுச்சொல்லை ஊகிப்பவனுக்கு, 'சரி' என்றோ 'தவறு' என்றோ மறுமொழி வந்தாக வேண்டும். மறுமொழி வேண்டுபவன் திரும்பு முகவரியைப் பொய்யாக எழுதினால் அம்மறுமொழி வேறெங்கோ போய்ச் சேரும். ஆதலால் கதவைத் தட்டுபவன் ஒரு மெய்யான முகவரியிலிருந்தே தட்டியாக வேண்டும். அது மெய்யான முகவரி என்பது உண்மை. அது அவனுடைய முகவரிதானா என்பது வேறு கேள்வி.

இக்கேள்வியின் ஆழத்தை உலகிற்கு முதலில் உணர்த்தியவர் ஒரு வானியலார். கிளிஃபோர்டு ஸ்டோல் என்பது அவர் பெயர். கலிபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில், வானியற் பணிக்கு நிதி குறைந்துவிட்டமையால், கணிப்பொறிகளைக் கவனிக்கும் பணிக்கு மாற்றப்பட்டார். 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவரிடம் ஒரு சிறு வேலை ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்தில் கணிப்பொறியைப் பயன்படுத்திய நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் கணக்கிடப்படும். அந்த மாதக் கணக்கில் எழுபத்தைந்து காசு உதைத்தது; டாலர்க் கணக்கில் முக்கால் டாலர். எவ்வளவோ கோடி செலவிடும் ஓர் ஆய்வுக்கூடத்தில் முக்கால் டாலரை யார் பொருட்படுத்துவர்? பிறர் எனின் தம் பையிலிருந்து போட்டுக் கணக்கை முடித்திருப்பர். ஸ்டோல் அவ்வாறு செய்யவில்லை. எந்த விடையும் ஏன் அவ்வாறு வந்தது என்று கேட்கப் பழகிய அறிவியலார் அவர். தேடிப் பார்த்தபோது, கட்டணம் அனுப்ப முகவரியே இல்லாத ஒருவர் பெயரில் ஒரு கணக்கு இருந்தது. அதனை நீக்கினார். சின்னாட்களில், ஆய்வுக்கூடத்தை விட்டு வெளிநாடு சென்றுவிட்ட வேறொருவர் பெயரில் யாரோ உள்ளே உலவுவது தெரியவந்தது.

அவனை உடனே வெளியேற்றிக் கதவைச் சாத்துவது எளிது. சாத்தினால் அவன் வேறு வழியாக வருவான். யார் என்பதோ என்றும் தெரியாது. ஆகவே ஸ்டோல் கதவைத் திறந்தே வைத்து, வருபவன் அறியாமல் அவனைக் கவனிக்கத் துணிந்தார். ஒரு வாரக் கடைசியில் அலுவலகத்தில் உள்ளோர் இல்லாத வேளை பார்த்து, அச்சுப் பொறிகளையும் திரைகளையும் இரவல் வாங்கியும், வாங்காமலே எடுத்துவந்தும், வெளியிலிருந்து வரும் ஐம்பது தொலைபேசிக் கம்பிகளிலும் இணைத்துவிட்டு, அங்கேயே தரையிற் படுத்து உறங்கினார். காலையில் அடிக்கணக்கான நீளத்தில் தாள் அச்சாகிக் கிடந்தது. அந்நியன் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் அதில் இருந்தது.

அந்நியன் பெரிய மேதையல்லன். அவனிடம் இருந்தது பொறுமை. பெர்க்லியை ஒரு படிக்கட்டாகக் கொண்டு, அங்கிருந்து இராணுவத் தொடர்புடைய கணிப்பொறிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். 'விருந்தினர்' என்றும், 'பணியாளர்' என்றும், கணிப்பொறியை விற்ற நிறுவனத்தார் முதல் நாள் வைத்துக்கொடுத்த பெயர்களையும் கடவுச்சொற்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். சற்றேறக்குறைய 450 கணிப்பொறிகளைத் தட்டியதில் முப்பதுக்கு மேற்பட்டவை திறந்தன. புதுப் பூட்டுடன் கடைக்காரர் கொடுக்கும் சாவியை மாற்றாமலே வைத்திருந்தோர் அத்தனை பேர்! இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டுக்குப் பின் இதே செய்தி மீண்டும் வரப்போகிறது.

சுவடு பார்க்கும் வேலை இனித்தான் தொடங்கியது. அந்நியன் வந்த கம்பி டிம்னெட் என்னும் பின்னலிலிருந்து வந்தது. டிம்னெட்டாரைக் கேட்டால், ஓக்லண்டு நகரத்துத் தொலைபேசி வழியாக வந்தது என்றனர். தொலைபேசி நிறுவனத்தாரைக் கேட்டால் நீதிமன்ற ஆணை வேண்டும் என்றனர். ஆணை பெற்றுத் தேடியபோது சுவடு நாட்டின் மறுகோடியில் உள்ள வர்ஜீனியா மாநிலத்துக்குச் சென்றது. கலிபோர்னியா ஆணை வர்ஜீனியாவிற் செல்லாது என்று அங்கே மறுத்துவிட்டனர். வேறு வழியில் ஆராய்ந்தபோது, அந்த முகவரி பாதுகாப்புத் துறைக்குப் பணிசெய்யும் மைட்டர் என்னும் நிறுவனத்தைக் காட்டியது. அந்நிறுவனத்தாரோ கள்வரல்லர். அவர்களுடைய கணிப்பொறிக்குள்ளும் அந்நியன் நுழைந்து, அவர்களுடைய தொலைபேசியைக் கொண்டே, அவர்கள் செலவிலேயே, ஊர் ஊராக அழைத்துக்கொண்டிருந்தான்! காவல் துறையினரிடம் ஸ்டோல் முறையிட்டபோது, இழப்பு முக்கால் டாலர்தானே என்று முதலில் கைவிரித்தனர்.

இங்கே ஒரு நிமிடம் நின்று பார்க்கவேண்டும். மைட்டரின் எண் கிடைத்த அன்றே, "கள்வன் அகப்பட்டான்" என்று ஸ்டோல் முடிவுகட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குற்றமற்ற நிறுவனம் ஒன்றின்மேல் பழி விழுந்திருக்கும். உண்மைக் கள்வன் தப்பியிருப்பான். அவர் கண்ட ஒவ்வொரு முகவரியும் அதற்கு முந்திய கதவை மட்டுமே காட்டியது. கதவுதோறும் ஒரு மனிதர் நின்று, தம் பதிவேட்டைப் புரட்டி, "என்னிடம் இங்கிருந்து வந்தது" என்று சொன்னால்தான் அடுத்த கதவு தெரிந்தது.

அவ்வாறு கதவு கதவாகச் சென்றபோது வழி கடல் கடந்தது. மேற்கு ஜெர்மனியின் அஞ்சல் துறையார் நடத்திய பின்னலுக்குச் சென்று, பிரேமன் நகரத்துப் பல்கலைக்கழகத்தைக் காட்டி, அதற்கும் அப்பால் ஹானோவர் நகரத்துத் தொலைபேசி நிலையத்தில் முட்டி நின்றது. அங்கிருந்த இணைப்புப் பொறிகள் பழையவை. எந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தது என்பதை ஒரு தொழிலாளர் நேரில் நின்று கம்பியைத் தொடர்ந்து பார்த்தே கண்டறிய வேண்டும். அதற்கு நெடுநேரம் ஆகும். அந்நியனோ சில நிமிடங்களில் போய்விடுவான். கலிபோர்னியாவில் நண்பகல் எனின் ஜெர்மனியில் இரவு ஒன்பது மணி. தொழிலாளர் வீட்டுக்குச் சென்றுவிடுவர்.

எனவே அவனை நீண்ட நேரம் இருத்திவைக்க ஓர் உபாயம் செய்தனர். 1987ஆம் ஆண்டின் தொடக்கத்தில், விண்வெளிப் போர்த்திட்டத்தைப் பற்றியவை போன்ற பொய்க் கோப்புகள் பலவற்றைத் தயாரித்துக் கணிப்பொறியில் வைத்தார் ஸ்டோல். அலுவலகச் சுற்றறிக்கை, ஊழியர் பட்டியல், வரவு செலவு என ஒருவருக்கும் பயன்படாத, ஆனால் மெய்போலத் தோன்றும் தாள்கள் அவை. அந்நியன் அவற்றைக் கண்டு மகிழ்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் படித்துக்கொண்டிருந்தான். ஹானோவரில் கம்பி தொடரப்பட்டது, வீடும் தெரிந்தது. மேலும் விவரம் வேண்டுவோர் அஞ்சலில் எழுதலாம் என்று அக்கோப்பில் ஒரு குறிப்பும் இருந்தது. அக்குறிப்பைப் பின்பற்றிப் பிட்ஸ்பர்க் நகரத்திலிருந்து ஒருவர் கடிதமே எழுதினார். பொய்க் கோப்பை அந்நியனையன்றி வேறெவரும் கண்டதில்லையாதலால், அவனுக்குப் பின்னால் வேறு கைகள் உள்ளன என்பது விளங்கிற்று. மார்க்கஸ் ஹெஸ் என்னும் அவ்விளைஞனும் அவன் கூட்டாளிகளும், தாம் எடுத்தவற்றைச் சோவியத்து உளவுத்துறைக்கு விற்றனர் என்று 1990ஆம் ஆண்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, அவர்கள் சிறை செல்லவில்லை. ஓர் எழுபத்தைந்து காசிலிருந்து ஓர் ஆள் வரை சென்றடைய ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. இதனை ஸ்டோல் 1989ஆம் ஆண்டு ஒரு நூலாக எழுதினார். 'குயிலின் முட்டை' என்பது அதன் பெயரின் பொருள். அயலார் கூட்டில் முட்டையிடும் பறவைக்கும் அந்நியனுக்கும் உள்ள ஒற்றுமை நேயர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

இனிக் குப்பை அஞ்சலின் பக்கம் திரும்புவோம். இதன் தொடக்கம் இன்னும் முந்தியது. 1978ஆம் ஆண்டு மே மாதம், டிஜிடல் எக்விப்மென்ட் என்னும் கணிப்பொறி நிறுவனத்தின் விற்பனை அலுவலர் கேரி துவர்க், தம் புதுக் கணிப்பொறியைக் காண வருமாறு, அர்பாநெட்டிற் பெயர் பதிந்திருந்தோருள் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே அஞ்சலை அனுப்பினார். அச்சிட்ட முகவரிப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு பெயராகத் தட்டச்சுச் செய்தனராம். பெயர்கள் மிகுந்து, பெறுநர் பகுதி நிரம்பி வழிந்து, கடிதத்தின் உள்ளேயே பெயர்ப்பட்டியல் புகுந்துவிட்டது. கண்டனம் எழுந்தது; ஆனால் ஆள் யார் என்பதில் ஐயம் எழவில்லை. அவர் தம் பெயரை மறைக்கவில்லை. 1994ஆம் ஆண்டு ஏப்ரலில், அமெரிக்கக் குடியேற்றச் சீட்டைப் பற்றி ஆயிரக்கணக்கான செய்திக் குழுக்களில் விளம்பரம் போட்ட வழக்கறிஞர் இருவரும் தம் பெயரை மறைக்கவில்லை. பழி நாணாதவரை அடையாளம் காண்பது எளிது. விளம்பரம் செய்வோர் தலைமறைவானபோதுதான் தொல்லை பெருகியது.

1997ஆம் ஆண்டு பால் விக்சி என்பவர் ஒரு பட்டியலைத் தொடங்கினார். குப்பை அஞ்சல் எந்த முகவரிகளிலிருந்து வருகிறதோ, அந்த முகவரிகளைத் தொகுத்து வைப்பது. வேண்டுவோர் அப்பட்டியலைக் கேட்டு, அதில் உள்ளவர்களிடமிருந்து வரும் அஞ்சலை வாங்க மறுப்பது. அவர் அமைத்த அமைப்பின் பெயர்ச்சுருக்கம் 'மேப்ஸ்'. குப்பை அஞ்சலைக் குறிக்கும் 'ஸ்பாம்' என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் அப்பெயர் வரும். பட்டியலைக் கேட்கும் முறையும் ஒரு தலைகீழ்ப் பாடமே. இணையத்தில் பெயர்களை எழுதும்போது சிறியது முன்னும் பெரியது பின்னுமாக எழுதுவது மரபு. நாம் அஞ்சல் உறையில் கதவு எண்ணை முதலிலும் மாவட்டத்தைக் கடைசியிலும் எழுதுவது போல. ஆனால் ஐ.பி. முகவரியில் பெரியது முன்னே வரும். ஆதலால் 192.0.2.17 என்னும் முகவரியைப் பற்றிக் கேட்க வேண்டுமாயின் அதனை 17.2.0.192 என்று திருப்பி எழுதிப் பெயர்ப் பதிவேட்டைக் கேட்பார்கள். பட்டியலில் இருந்தால் 127 என்று தொடங்கும் ஒரு விடை வரும். இல்லையெனின் 'அப்படி ஒன்றும் இல்லை' என்று வரும். கண் இமைக்கும் நேரத்தில் வினாவும் விடையும் முடிந்துவிடும். முன்பே இருந்த பெயர்ப் பதிவேட்டின் வழியாகவே இதனை நடத்தியது அழகிய ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. அடுத்த ஆண்டே ஸ்டீவ் லின்ஃபர்டு என்பவர் இங்கிலாந்தில் ஸ்பாம்ஹவுஸ் என்னும் அமைப்பைத் தொடங்கினார். உலகெங்கும் பரவியது அதன் பட்டியல்.

இங்கே நாம் ஒரு மாறுதலைக் காண வேண்டும். ஸ்டோல் முகவரியைக் கண்டு அதற்கு அப்பால் நடந்தார். பட்டியலார் முகவரியைக் கண்ட இடத்திலேயே தீர்ப்பு எழுதினர். அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. நாள்தோறும் கோடிக்கணக்கில் வரும் அஞ்சலுக்குக் கதவு கதவாக நடக்க ஆள் எங்கே? ஆயினும் ஒரு முகவரியைக் கொடுத்த நிறுவனம் தொல்லைக்காரரை வெளியேற்றவில்லை எனின், அந்நிறுவனத்தின் அடுத்தடுத்த முகவரிகளையும் சேர்த்து மறிக்கும் வழக்கமும் வந்தது. குற்றமற்ற அண்டை வீட்டாரும் அகப்பட்டனர். அண்டை வீட்டார் முறையிட்டால்தான் நிறுவனம் திருந்தும் என்பது வாதம். தலைமையாசிரியனாக இருந்த எனக்கு இது மிகவும் பழகிய வாதம். சீழ்க்கை அடித்தவன் யார் என்று தெரியாதபோது பெஞ்சு முழுவதையும் எழுந்து நிற்கச் சொல்லும் முறையும் இதுவே. அது சில நாட்களில் பயன் தருவதுண்டு. அதனை நான் நீதி என்று மட்டும் ஒப்பியதில்லை.

நீதிமன்றமும் இதனுள் நுழைந்தது. அமெரிக்காவில் அஞ்சல் விளம்பரத் தொழில் செய்த ஒரு நிறுவனம், தன்னைப் பட்டியலில் சேர்த்ததால் தொழில் கெட்டது என்று ஸ்பாம்ஹவுஸ் மேல் வழக்குத் தொடுத்தது. அமெரிக்க நீதிமன்றத்துக்குத் தம்மேல் அதிகாரம் இல்லை என்று கூறி ஸ்பாம்ஹவுஸார் வழக்கை எதிர்த்து நடத்தாமல் விலகியமையால், 2006ஆம் ஆண்டு அவர்கள் 1 கோடியே 17 இலட்சம் டாலர் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டில் இழப்புக்குச் சான்று கேட்டனர். 2010இல் அத்தொகை 27,002 டாலராகச் சுருங்கிற்று. 2011இல் மேல் நீதிமன்றம் அதனையும் குறைத்து மூன்றே மூன்று டாலர் என்று முடித்தது. பட்டியலில் ஏற்றுவதற்கு அவர்கட்கு உரிமை உண்டா என்னும் பெரிய கேள்விக்கு அந்த மூன்று டாலர் விடையாகவில்லை என்பதே என் கருத்து. பட்டியல் வைத்திருப்பவர் யாரையும் தடுப்பதில்லை, தம் கருத்தைச் சொல்கிறார் என்பர். உலகம் முழுதும் அக்கருத்தின்படியே கதவைச் சாத்தும்போது கருத்துக்கும் ஆணைக்கும் வேறுபாடு எவ்வளவு இருக்கும்?

குப்பை அஞ்சல் செய்வோரும் வாளாவிருக்கவில்லை. தம் கணிப்பொறியிலிருந்து அனுப்பினால் பட்டியலில் ஏறுகிறது. ஆகவே பிறர் வீட்டுக் கணிப்பொறிகளில் நச்சு நிரல்களைப் புகுத்தி, உரியவர் அறியாமலே அவற்றிலிருந்து அனுப்பினர். இவ்வாறு பல இலட்சம் கணிப்பொறிகள் ஒரே எசமானனுக்கு ஏவல் செய்யும் படைகளாயின. பட்டியலில் ஏறியவை ஏவலாட்களின் முகவரிகளே. எசமானனின் முகவரியைத் தேடியபோது என்ன நிகழ்ந்தது என்பதற்கு 2008ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் சான்று. கலிபோர்னியாவின் சான் ஓசே நகரில் மெக்கோலோ என்னும் நிறுவனம் கணிப்பொறிகளை வாடகைக்கு விட்டு வந்தது. பெரும் படைகள் பலவற்றை ஏவும் கணிப்பொறிகள் அங்கே இருந்தன. ஆய்வாளர் திரட்டிய சான்றுகளைப் பிரையன் கிரெப்ஸ் என்னும் செய்தியாளர், மெக்கோலோவுக்கு இணைப்புக் கொடுத்த இரண்டு நிறுவனங்களின் முன் வைத்தார். அவை இணைப்பை அறுத்தன. அன்றே உலகில் குப்பை அஞ்சல் பாதிக்கு மேற் குறைந்தது! இலட்சக்கணக்கான முகவரிகளைப் பட்டியலிட்டும் ஆகாதது, ஒரு கட்டடத்தின் இரண்டு கம்பிகளை அறுத்ததால் ஆயிற்று. சில மாதங்களில் படைத்தலைவர்கள் வேறிடம் பெயர்ந்தனர். அஞ்சலும் பழையபடி பெருகியது. ஆயினும் சுவட்டைத் தொடர்ந்து அப்பால் நடப்பதன் பயன் அன்று விளங்கிற்று.

இந்தியாவும் இக்கணக்கில் இடம் பெற்றது. 2012ஆம் ஆண்டின் முதற்காலாண்டில், குப்பை அஞ்சல் புறப்படும் நாடுகளுள் இந்தியா முதலிடம் பெற்றுவிட்டது என்று சோபோஸ் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. படித்தவர் பலர் நம் நாட்டாரே இத்தீங்கைச் செய்வதாக எண்ணித் தலை குனிந்திருக்கக்கூடும். புதிதாகக் கணிப்பொறி வாங்கி, அதற்குரிய காவலைச் செய்யத் தெரியாமல், தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்த எளியவர்களின் முகவரிகளே அவற்றுட் பெரும்பாலானவை. வழிப்போக்கர் படுத்துறங்கிய திண்ணைக்கு உரியவரைக் கள்வர் என்பது போன்றதே அந்தத் தரவரிசை.

கடவுச்சொல் ஊகிப்போர் கதையும் இதே வழியிற் சென்றது. 1995ஆம் ஆண்டு பின்லாந்தின் எல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டதைக் கண்ட டாட்டு இலோனன், செய்தியை மறைபொருளாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச். என்னும் முறையை வகுத்தார். வழியில் ஒட்டுக்கேட்பது அதனால் நின்றது. வாயிலில் நின்று ஊகிப்பது நிற்கவில்லை. இணையத்தில் வைத்த எந்தக் கணிப்பொறியின் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலும், 'நிர்வாகி' என்றும் 'விருந்தினர்' என்றும் யாரோ இரவும் பகலும் பெயர் சொல்லித் தட்டிய குறிப்புகள் வரிசையாக இருக்கும். 2004 அளவில் தோன்றிய ஃபெயில்டுபேன் என்னும் நிரல் இப்பதிவேட்டைத் தானே படிக்கிறது. பத்து நிமிடத்துக்குள் ஒரே முகவரியிலிருந்து ஐந்து முறை தவறினால், அம்முகவரியைப் பத்து நிமிடம் மறித்து வைக்கும், பிறகு விட்டுவிடும். வேறு அளவு வேண்டுவோர் மாற்றிக்கொள்ளலாம் எனினும், அதனை ஆக்கியோர் முதலில் வைத்த அளவு இதுவே. பத்து நிமிடம் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தட்டியவன் நாளை அந்த முகவரியில் இருக்கமாட்டான், வேறு ஒருவர் இருப்பார் என்பதை அறிந்த தண்டனை அது.

ஒருவர் பதிவேட்டில் ஐந்து தவறு. உலகத்தார் அனைவரின் பதிவேடுகளையும் சேர்த்துப் பார்த்தால்? 2000ஆம் ஆண்டின் இறுதியில் யோகானஸ் உல்ரிக் தொடங்கிய டீஷீல்டு என்னும் தொகுப்பு இக்கருத்திற் பிறந்தது. தொண்டர்கள் தத்தம் பதிவேட்டை அனுப்பினர். 2001ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஒரு குறிப்பிட்ட வாயிலைத் தட்டுவோர் திடீரெனப் பெருகியது அத்தொகுப்பிற் புலப்பட்டது. புதிய கணிப்பொறிப் புழு ஒன்று பரவுவதை அவ்வாறே கண்டு உலகை எச்சரித்தனர். தனியாள் ஒருவரைப் பிடிக்க அல்ல, கொள்ளைநோய் வரும் திசையை அறிய முகவரிகளைப் பயன்படுத்தியது இது. இப்பயன்பாட்டில் யாருக்கும் பழி இல்லை.

2016ஆம் ஆண்டு வந்தது மிராய். முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன செய்தி இங்கே மீள்கிறது. காவற்படக் கருவிகள், வீட்டு இணைப்புப் பெட்டிகள் முதலியவற்றைச் செய்து விற்றோர் வைத்த பெயர்களும் கடவுச்சொற்களுமாக ஏறத்தாழ அறுபது இணைகளை மட்டும் எழுதிவைத்துக்கொண்டு, இணையத்தின் முகவரிகளை எல்லாம் தட்டிச் சென்றது இந்நிரல். இலட்சக்கணக்கான கருவிகள் திறந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் முன்பு சொன்ன கிரெப்ஸின் வலைத்தளத்தையும், அக்டோபர் 21ஆம் நாள் டின் என்னும் பெயர்ப்பதிவு நிறுவனத்தையும் அப்படை தாக்கியது. அமெரிக்காவில் பெயர்பெற்ற தளங்கள் பல மணிக்கணக்கில் எட்டவில்லை. தாக்கிய முகவரிகளுக்கு உரியவர் யார்? கடை வாயிலிற் படக்கருவி மாட்டிய வணிகர். குழந்தை தூங்குவதைப் பார்க்கக் கருவி வாங்கிய தாய். நிரலை எழுதிய இளைஞர் மூவர் பின்னர் அகப்பட்டு, 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

இதற்கிடையே முகவரிகளே தீர்ந்துவிட்டன. 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், உலகப் பொது இருப்பில் எஞ்சிய கடைசித் தொகுதிகள் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டன. நீண்ட எண்களைக் கொண்ட புதிய முறை வந்திருப்பினும் பழையது மறையவில்லை. ஆகவே இணைப்பு நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல நூறு வாடிக்கையாளர்க்குப் பொதுவாக்கின. கைப்பேசியில் இணையம் பார்க்கும் நாம் பலர் ஒரே கதவு எண்ணில் குடியிருக்கிறோம். இந்நிலையில் ஒருவனுக்காக அம்முகவரியை மறித்தால் எத்தனை பேர் வெளியே நிற்பர் என்பதை மறிப்பவர் அறியார்.

பாறையைத் தாண்டி நடந்துவிட்டவர் கதை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஐ.பி. முகவரி எந்த ஊரைச் சேர்ந்தது என்று கணித்துச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. அவற்றுள் மேக்ஸ்மைண்டு என்னும் அமெரிக்க நிறுவனம் 2002இல் தோன்றியது. ஊர் தெரியாது, அமெரிக்கா என்பது மட்டுமே தெரியும் என்ற நிலையில் உள்ள முகவரிகளுக்கு என்ன விடை சொல்வது? 'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். அவர்களோ நாட்டின் நடுப்புள்ளியைத் தேர்ந்து, எண்ணை எளிமைப்படுத்தி, வட அட்சம் 38, மேற்குத் தீர்க்கம் 97 என்று எழுதினர். அந்த இடத்தில் கான்சாஸ் மாநிலத்துப் பண்ணைவீடு ஒன்று இருந்தது. அறுபது கோடிக்கு மேற்பட்ட முகவரிகளுக்கு அந்த ஒரு வீடே இருப்பிடமாகக் காட்டப்பட்டது.

அதன் பின்விளைவைப் பண்ணையார் அறியாமலே ஆண்டுக்கணக்கில் அனுபவித்தனர். குப்பை அஞ்சலால் எரிச்சலுற்றவர்கள், கணக்கைத் திருடக் கொடுத்தவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள், எல்லோரும் முகவரியைத் தேடிப் பார்த்து அவ்வீட்டைக் கண்டனர். நள்ளிரவில் தொலைபேசியில் ஏசினர். காவலர் வந்தனர், நடுவண் அரசின் புலனாய்வாளர் வந்தனர், தற்கொலை செய்துகொள்ள இருந்த ஒருவரைக் காப்பாற்றுவதாக எண்ணி மருத்துவ வண்டி வந்தது. யாரோ ஒருவர் உடைந்த கழிப்பறைத் தொட்டியைக் கொணர்ந்து வாயிலில் வைத்துப் போனார். வீட்டாரைத் தேடிவருவோரிடமிருந்து அவர்களைக் காப்பதே உள்ளூர்க் காவல் தலைவர்க்கு ஒரு வேலையாயிற்று. காரணம் ஒருவருக்கும் தெரியவில்லை. 2016ஆம் ஆண்டு காஷ்மீர் ஹில் என்னும் செய்தியாளர் ஆராய்ந்து இதனை வெளிப்படுத்தியபின்புதான் வீட்டாருக்கே தெரிந்தது. மேக்ஸ்மைண்டு நிறுவனத்தார் அந்த எண்ணை மாற்ற உடன்பட்டனர். அந்தக் கோடிக்கணக்கான முகவரிகளுக்கு அவர்கள் பின்னர் வகுத்த இருப்பிடம், விச்சிட்டா நகருக்கு மேற்கே உள்ள ஓர் ஏரியின் நடுவில் அமைந்தது.